ஆணி அடித்து ஓட்டாதீங்க!

அப்பா 1961-ல் வாங்கிய ராலே சைக்கிள் இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. சும்மா நிற்கவில்லை. தினமும் ஓடுகிறது! அதை ஓட வைக்க நான் படும் பாடு இருக்கிறதே, அது என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஆலையில் செய்த வண்டி. கடைக்குக் கொண்டு போனால், "இதுக்கெல்லாம் சாமான் கிடைக்காது சார். காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார்கள்.

அதில் பாதி உண்மை. பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் மற்ற சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை. பழைய ராலேக்கு 26! புதுக் கப்பை வைத்து முறுக்கினால் கொஞ்சம் போகும், பிறகு மாட்டிக் கொள்ளும். மல்லுக்கட்டினால் பிரேமில் உள்ள மரையே போச்சு!

அதற்காக வண்டியைத் தூக்கிப் போடுவதா? பழைய கப்பை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கால் அங்குல பால்ஸ், பக்கத்துக்கு 11, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கிரீஸ் தடவுங்கள். கப்பில் பள்ளம் விழாதவரை ஓடும். இதற்கு ஆகும் செலவு ரொம்பக் கம்மி.

தோல் சீட் தொய்ந்து விட்டதா? இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, அடியில் கயிறு கோத்து இழுத்துக் கட்டினால் நிமிர்ந்து விடும். எங்கள் தெரு முனையில் செருப்புத் தைப்பவர் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்தார். மட்கார்டு விரிசலுக்குத் தகரத் துண்டும் ரிவிட்டும் போதும். விளக்கு ஆடினால் பழைய டியூப் துண்டு. ஆனால் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம் அய்யா! பிசின் மாதிரி ஆகி, தெருப் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும்.

இப்படிச் செய்து செய்து எனக்கும் திமிர் ஏறி விட்டது. ஒருநாள் கிராங்கில் காட்டர் பின் தேய்ந்து, பெடல் 'கடக் கடக்' என்றது. கடைக்குப் போகச் சோம்பல். ஒரு பெரிய ஆணியை அடித்து, வளைத்து விட்டேன். நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது.

ஐந்தாம் நாள் கோடம்பாக்கம் மேம்பாலம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். சடக்! ஆணி அறுந்து, பெடல் அப்படியே கீழே போனது. நானும் போனேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டாரோ, பிழைத்தேனோ! அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டட்டும், நியாயம்தானே?

சீட்டும் மட்கார்டும் உங்கள் கைவேலைக்கு. காட்டர் பின், பிரேக், முன் போர்க் இந்த மூன்றிலும் விளையாடக் கூடாது. பிரேக் கட்டைக்குப் பதில் டயரை வெட்டி வைக்கிறார்கள் சிலர். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் நல்ல கட்டையே சரியாகப் பிடிக்காது. டயர் துண்டா பிடிக்கும்?

கடைக்காரர்களே, காயலான் கடைக்கு வழி காட்டுவதை விட்டு, இரண்டு அளவிலும் காட்டர் பின் வாங்கி வையுங்களேன்! 9 மில்லியும் உண்டு, 9.5 மில்லியும் உண்டு. 9.5-க்கு 9-ஐப் போட்டால் மறுபடி 'கடக் கடக்'தான்.

வாங்கப் போகிறவர்கள் பழைய பின்னை எறிந்து விடாமல் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். அளவு காட்ட அதுதான் வேண்டும்.