பச்சை ஆறும் பாட்டியின் கொடியும்

டப்ளினில் தாதியாக வேலை செய்யும் என் சித்தி மகள் கடந்த மார்ச் 17ஆம் தேதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கன்னத்திலும் பச்சைச் சாயம்.

“என்னம்மா, கருவேப்பிலைக் கொத்து மாதிரி நிக்கிறே?”

“அண்ணே, இன்னிக்கு இங்கே செயின்ட் பேட்ரிக் தினம். நாடே லீவு!”

வானொலிக்காரன் சும்மா இருப்பேனா? காலை நிகழ்ச்சிக்கு ஆகுமே என்று தேடினேன். அமெரிக்காவின் சிகாகோவில் அந்த நாளுக்காக ஆற்றையே பச்சையாக்கிவிடுகிறார்கள். கழிவுநீர் எங்கிருந்து கலக்கிறது என்று கண்டுபிடிக்கக் குழாய்த் தொழிலாளர்கள் பயன்படுத்திய சாயத்தை 1962இல் ஏறக்குறைய 45 கிலோ கொட்டினார்களாம். ஆறு ஒரு வாரம் பச்சையாகவே ஓடியதாம்!

அதைவிட வேடிக்கை இன்னொன்று. நியூயார்க்கில் இந்த ஊர்வலம் 1762இலேயே தொடங்கிவிட்டது. டப்ளினில் இன்றைய பெருவிழா தொடங்கியதோ 1996இல்தான். ஒரு காலத்தில் அயர்லாந்தில் அன்று மதுக்கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். வீட்டில் இருந்தவர்கள் பூசையோடு முடித்துக்கொள்ள, வெளியூர் போனவர்கள்தான் மேளம் அடித்திருக்கிறார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தானே ஊர் அதிகம் வேண்டியிருக்கிறது.

கப்பல் என்றதும் எனக்குப் பாட்டி ஞாபகம். 1930களில் ரஜூலா கப்பலில் வந்த சிறுமி. தம்பின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே முதுகு வளைந்தவர். கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டைதான். ஆனால் ஆகஸ்டு பிறந்தால், லயத்து வீட்டு வாசலில் முதல் கொடி அவருடையது.

பதினாறு வயதுத் திமிரில் ஒருமுறை கேட்டேன். “உங்களுக்கு நீலக் கார்டே குடுக்கலையே பாட்டி, கொடி எதுக்கு?”

“கார்டு அவங்க குடுக்கிறது. கொடி நான் கட்டுறது. பேசாம ஏணியப் புடி.”

நம் மாநிலத்துக்கும் இந்த நாளில் பெருமை உண்டு. 1957இல் நாட்டின் முதல் மாமன்னரானவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். ரிங்கிட் நோட்டில் தினமும் பார்க்கிறோமே, அந்த முகம்தான். 1956 பிப்ரவரி 20ஆம் தேதி, பக்கத்து மலாக்காவின் பந்தார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் வேறு, இவர் வேறு. நான் ஒருமுறை ஒலிபரப்பில் இருவரையும் ஒன்றாக்கிவிட்டேன். கெமாஸிலிருந்து ஓர் ஐயா அழைத்து, “தம்பி, சட்டைப் பையில உள்ள நோட்ட எடுத்துப் பாத்துட்டுப் பேசுங்க” என்றார். அன்று என் பையில் நோட்டும் இல்லை!

போன வாரம் டப்ளினிலிருந்து அழைப்பு. 31ஆம் தேதி மலேசியப் பிள்ளைகள் எல்லாம் கூடி நாசி லெமாக் சமைக்கிறார்களாம். “அண்ணே, பாட்டியோட கொடி இருந்தா அனுப்பி வைங்க.”

அலமாரியில் தேடி எடுத்தேன். ஓரம் நைந்திருந்தது, அம்மா தைத்துக் கொடுத்தார். அஞ்சலில் சேர்த்துவிட்டு வீடு திரும்பியபோதுதான் என் வாசலைக் கவனித்தேன். தாமான் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள். இன்னும் ஒரு கொடி கட்டவில்லை.

இன்று கடைக்குப் போகிறேன். ஏணி பிடிக்க மகன் இருக்கிறான். அவனும் ஏதாவது கேட்பான், கேட்கட்டும்.