கமலாவுக்கு முன்னால் கனி

தாணேயில் காளே என்ற குடும்பப் பெயர் புதிதல்ல. மராத்தி அகரவரிசையில் ‘ள’வின் இடம் ‘ஹ’வுக்கும் பின்னால். ஆகவே காவ்டேக்களைத் தாண்டித்தான் காளேக்களைத் தேடுவார்கள். கம்ப்யூட்டரை அதன் போக்கில் விட்டால் யூனிகோட் எண்களைப் பார்த்து காளேயை முன்னே தள்ளிவிடும். தமிழுக்கும் இதே கதிதான். யூனிகோடில் ‘ன’ நிற்பது ‘ந’வுக்குப் பக்கத்தில், கமலாவை முந்திக்கொண்டு கனி உட்கார்ந்துவிடுவாள். பழகிய இடத்தில் பெயரைக் காணாத குமாஸ்தா ‘லிஸ்ட்டில் இல்லை’ என்று கைவிரித்தால் அலைவது காளேதான்.

மராத்தி வரிசையில் கொடு என்று கேட்டால் டேட்டாபேஸ் கொடுத்துவிடும். சிக்கல் வேகத்தில். இண்டெக்ஸ் என்பது ஏற்கெனவே அடுக்கி வைத்த பட்டியல். அப்படியே வாசித்துக்கொண்டு போகலாம். ஆனால் அது எண் வரிசையில் கட்டப்பட்டிருந்தால் மராத்தி வரிசைக்கு உதவாது. லட்சம் பெயர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்க வேண்டியதுதான்.

இண்டெக்ஸையே மராத்தி விதிப்படி கட்டுவதே வழி. வார்டு வாரியான பட்டியலுக்கு அதில் வார்டு முதலில், பெயர் அடுத்து. மாற்றி வைத்தால் மறுபடியும் அடுக்கும் வேலைதான். (இறங்குவரிசைக்குத் தனி இண்டெக்ஸ் வேண்டாம்; பின்னாலிருந்து படித்தால் போதும்.)