தரகரிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது?

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரை இழந்தவர். மகளின் படிப்புச் செலவுக்காகத் தனது சீதனக் காணியில் மூன்று பரப்பை விற்க வேண்டிய நிலை. விடயம் எப்படியோ வெளியே தெரிந்து, ஊர்த் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்கட கைக்கு எவ்வளவு வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாராம். ஒத்துக்கொள்ளலாமா, அல்லது தானே விற்க முயலலாமா என்று கேட்கிறார். வேறு சில வாசகியரும் இதே விடயத்தைக் கேட்டிருப்பதால், இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

தரகர் சொன்ன அந்த ஒரு வசனத்தில்தான் முழு விடயமும் இருக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நீங்கள் பரப்புக்கு 15 இலட்சம் என்று சொல்கிறீர்கள். மூன்று பரப்புக்கு 45 இலட்சம். தரகர் அதைப் பரப்பு 18 இலட்சத்துக்கு விற்கிறார். 54 இலட்சம் வருகிறது. உங்கள் கைக்கு 45. தரகரின் கைக்கு 9 இலட்சம். நூற்றுக்கு இரண்டு வீதம் தரகுக்கூலி என்று பேசியிருந்தால் அவருக்குப் போவது 108,000 ரூபா. மூன்று வீதமென்றாலும் 162,000 ரூபாதான். இதில் தரகர் பொய் சொன்னார் என்று கூறமுடியாது. நீங்கள் கேட்ட தொகையைத் தந்துவிட்டாரே! ஆகவே 'கைக்கு இவ்வளவு' என்ற பேச்சுக்கு மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் இணங்கவேண்டாம். வீதத்தைப் பேசுங்கள். உறுதி எழுதி முடிந்த பிறகே கூலி என்பதையும், வாங்குபவரிடமும் அவர் கூலி எடுக்கிறாரா என்பதையும் முதலிலேயே கேட்டு, ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகம் கோணுவார். கோணட்டும்.

இப்படி எழுதுவதால் தரகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. காணி தேடுபவர் யார், யாரிடம் காசு இருக்கிறது, யார் சும்மா விலை கேட்டுத் திரிகிறவர் என்பதெல்லாம் நல்ல தரகருக்குத் தெரியும். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது அறிமுகமில்லாத ஆட்கள் நேரம் காலமின்றிப் படலையைத் தட்டுவதை அவர் தடுப்பார். நீங்கள் கொழும்பிலும் காணி வடமராட்சியிலும் இருந்தால் அவரில்லாமல் சிரமம்தான். ஆனால் அவர் விற்பது ஓர் அறிமுகத்தை மட்டுமே. விலையைத் தீர்மானிப்பதும், பத்திரங்களை வைத்திருப்பதும், கையொப்பமும் உங்களுடையவை. இவற்றில் ஒன்றையேனும் அவரிடம் விட்டுவிட்டால், வீத்தைக் குறைத்துப் பேசியும் பயனில்லை.

விலையை அறிவது அவ்வளவு கடினமல்ல. உங்கள் ஒழுங்கையில் அண்மையில் விற்றவர்களையும் வாங்கியவர்களையும் கேளுங்கள். வாங்கியவர் கூடுதலாக உண்மை சொல்வார். தூரத்து உறவினர் ஒருவரை, வாங்க விரும்புபவர்போல இரண்டு தரகர்களிடம் அதே பகுதியில் காணி விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்கும் விலை தெரிந்துவிடும். பத்திரிகை விளம்பரங்களையும் முகநூலில் வருபவற்றையும் பார்க்கலாம். ஆனால் அளவைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கு, கொழும்பில் பேர்ச்சஸ் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். 16 பரப்பு ஓர் ஏக்கர். பாதையின் அகலம், வாகனம் உள்ளே வருமா, கிணற்றுத் தண்ணீர் நல்லதா சவரா என்பவையெல்லாம் விலையை மாற்றும். நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் அதை முதலாவதாகச் சொல்லுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி உங்கள் காணியின் பதிவை நீங்களே தேடிப் பார்க்கலாம். பெயர் சரியாக இருக்கிறதா, பழைய ஈடு ஏதும் மீட்கப்படாமல் கிடக்கிறதா என்று வாங்குபவரின் நொத்தாரிசு பார்க்கும் முன்பே நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இடப்பெயர்வில் உறுதி தொலைந்துவிட்டதே என்று பலர் எழுதுகிறார்கள். நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அங்கே அது இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். தரகருக்குக் காட்டுவதற்குப் போட்டோப் பிரதி போதும். மூல உறுதி உங்கள் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. "அலைச்சல் மிச்சம்" என்று அற்றோர்ணித் தத்துவம் கேட்டால், அத்துடன் அந்தத் தரகரை நிறுத்திவிடுங்கள்.

சீதன உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்று எழுதியிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. தேசவழமைக்குட்பட்ட காணியில் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. கனடாவில் இருக்கும் தம்பிக்கு இந்தக் காணியில் ஆசையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனாலும் முறைப்படி எழுத்தில் அறிவிக்காமல் பிறத்தியாருக்கு விற்றால், பின்னர் அவர் வழக்குப் போட இடமுண்டு. அவசரத்தில் இருக்கும் தரகர் இதை உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார். காணி இறந்துபோன கணவரின் பெயரில் இருந்தால் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. வயது வராத பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்கமுடியாது.

வன்னியிலுள்ள வாசகியருக்கு ஒரு வார்த்தை. உங்களுடையது பேமிற் காணியாயின், தரகர் "சத்தியக்கடதாசி எழுதி மாத்தலாம்" என்று சொல்வதை நம்பாதீர்கள். அது அரச காணி. பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் ஒருவரிடமும் முற்பணம் வாங்கவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்றால் விலை கூடும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, இலங்கைப் பிரசை அல்லாதவருக்குக் காணியைக் கைமாற்ற முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. எனவே "பிரான்ஸ் பார்ட்டி" என்றவுடன் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும் என்பதே. பல மாதம் பேசி, கடைசியில் பெயரில் குழம்பிப் போன விற்பனைகள் உண்டு.

இவையெல்லாம் ஆயத்தமானால், தானே விற்க முயல்வதில் தவறில்லை. முதலில் அயலவருக்குச் சொல்லுங்கள். பக்கத்துக் காணிக்காரர்தான் பல தடவைகளில் நல்ல விலை தருபவர். அவருக்கு அந்த நிலம் தன் வளவோடு சேரும். ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்துச் சரிவராவிட்டால் தரகரிடம் போகலாம். பார்க்க வருபவர்களைப் பகலில், அயலவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் வரச் சொல்லுங்கள். யார், என்றைக்கு, யார் மூலம் வந்தார் என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று தரகர்களிடம் சொல்லியிருந்தால் இந்தக் கொப்பி மிகவும் உதவும். விற்பனை முடிந்ததும் "நான்தான் ஆளைக் காட்டினேன்" என்று எல்லோரும் வந்து நிற்பார்கள்.

வீட்டை வாடகைக்கு விடுவது இதைவிட எளிது. ஊரோடு இருப்பவருக்குத் தரகரே தேவையில்லை என்பது எமது எண்ணம். பாடசாலை, வைத்தியசாலை, வங்கி போன்ற இடங்களுக்கு மாற்றலாகி வருபவர்கள் வீடு தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே வேலைசெய்யும் ஒருவரிடம் சொல்லிவைத்தால் போதும். எழுத்திலான ஒப்பந்தமும், அடையாள அட்டைப் பிரதியும், மின்கட்டணம் யார் கட்டுவது என்ற தெளிவும் வேண்டும்.

விற்பனைக்குத் திரும்புவோம். ஆள் கிடைத்ததும் தரகர் கொஞ்சம் முற்பணத்தைக் கையில் வைத்து, முத்திரை ஒட்டிய துண்டில் ஒப்பம் கேட்பார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணியை விற்பது மாத்திரமல்ல, பின்னர் விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். துண்டுக் கடதாசி இரு பக்கத்தாரையும் காப்பாற்றாது.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம், முத்திரைத் தீர்வை மிச்சம் என்றும் சொல்வார்கள். முத்திரைத் தீர்வையை வழமையாகக் கட்டுபவர் வாங்குபவர், மிச்சமும் அவருக்கே. மீதிப் பணம் வராமல் போனால் உங்கள் கையில் இருப்பது குறைந்த தொகை எழுதிய உறுதி மட்டும்தான். காணி விற்ற இலாபத்துக்கு 2018 ஏப்ரல் தொடக்கம் மூலதன ஆதாய வரியும் உண்டு. 2017 செப்டெம்பர் 30இற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமான காணியாயின், அன்றைய சந்தைப் பெறுமதியிலிருந்தே இலாபம் கணக்கிடப்படும். எனவே மதிப்பீட்டாளரிடம் அன்றைய பெறுமதிக்கு ஓர் அறிக்கை எடுப்பது வீண்செலவல்ல.

ஒப்பமிடும் நாளில் நொத்தாரிசு பெரும்பாலும் வாங்குபவரின் ஆளாகவே இருப்பார். உறுதியின் நகலை இரண்டு நாள் முன்பாகக் கேட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எவ்வளவு பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்பதை நொத்தாரிசு அத்தாட்சியில் எழுதுவார். அந்த இடத்தை நீங்களே வாசியுங்கள். வங்கிக் கட்டளை உங்கள் பெயரில், முழுத் தொகைக்கு, மேசையில் இருக்கவேண்டும். தரகரின் கூலியைப் பணம் உங்கள் கணக்கில் சேர்ந்த பிறகு நீங்களே கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.