கணுவுக்குக் கணு வட்டி!

லோன் போட்டு வீடு கட்டி முடித்தால், காம்பவுண்டு ஓரம் மூன்றடி மண் மிஞ்சும். அதை மூட ஒரு செடி வேணும் சார். நர்சரியில் கேட்டால், மஞ்சள் பூவோடு தரையில் படருகிற ஒன்றை நீட்டுவார்கள். பெயர் வெடேலியா. 'தண்ணியே ஊத்தலேன்னாலும் வரும் சார்!' வரும். பிரச்னையே அதுதானே?

நான் பி.காம். எனக்கு இது கூட்டு வட்டியாகத்தான் தெரிகிறது. மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர் விடும். வெட்டி வீசிய துண்டும் முளைக்கும். 2000-ல் ஐ.யு.சி.என். நிபுணர் குழு வெளியிட்ட, உலகின் மோசமான 100 ஊடுருவிகள் பட்டியலில் உண்ணிச்செடியோடு இதுவும் உண்டு.

என் மச்சான் வீட்டுக்கு அடுத்து காலி மனை, அதற்கடுத்து ஏரி. 'மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே மாப்ளே, மூலிகையாச்சே!' என்கிறார். இல்லை. பூ ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், இலையைப் பாருங்க. கரிசலாங்கண்ணிக்கு முழுசா, நீளமா இருக்கும். இதுக்கு மூணு மடலா பிரியும். சுவரைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போயிட்டா யார் பிடுங்குவது... பஞ்சாயத்தா?

வெயிலா? பொடுதலை போடுங்க, மிதிச்சாலும் தாங்கும். ஈரமும் நிழலுமா இருந்தா வல்லாரை. ஓடாதான்னா, அதுகளும் ஓடும்தான். ஆனா வாராவாரம் வல்லாரையைத் துவையலுக்குக் கிள்ளினா எல்லைக்குள்ளே நிக்கும்!

ஏற்கெனவே வெடேலியா வெச்சிருந்தா, பிடுங்கினதைக் குப்பைமேட்டில் வீசாதீங்க. மொட்டை மாடியில், சருகாகிற வரைக்கும் காயட்டும்.