கருவிக்கும் முறை வேண்டும்

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்குக் குழாயடி முறை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பத்துக் குடும்பங்களுக்கு ஒரு குழாய். காலை ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டுக்கு முதல் குடம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டுக்கு அடுத்தது. எழுதி வைக்காத சட்டம்தான், ஆனாலும் நடந்தது. வீட்டுக்காரரின் உறவினர்கள் வந்து இறங்கும் நாளில் மட்டும் முறை உடையும். சண்டை அங்கேதான் தொடங்கும்.

பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் உள்ள விலை உயர்ந்த கருவிகளைச் சுற்றி இன்று நடப்பதும் குழாயடி வழக்குதான். ஒரு கருவி, அதைக் கேட்பவர்களோ பல குழுவினர். கருவி வாங்க மனுப் போட்டுப் பணம் பெற்ற பேராசிரியர் அதைத் தம் சொந்த உடைமையாகக் கருதத் தொடங்கினால், பக்கத்து அறை மாணவனுக்கே முறை கிடைப்பதில்லை. கோலாரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வரும் கல்லூரி மாணவன் எந்த மூலைக்கு?

இதைப் படித்தவர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கருவி வாங்கும் பணம் பெரும்பாலும் அரசாங்கப் பணம். அதில் தையல் தொழிலாளியின் வரியும் உண்டு, குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடித்த வரியும் உண்டு. அந்தத் தொழிலாளியின் மகனோ மகளோ இன்று எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். தேசியத் தகுதித் தேர்வில் தேறியவருக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஐந்தாண்டு வரம்பு உண்டு. கருவிக்காக ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் திரும்பி வராது. உதவித்தொகை நின்றபின் வீட்டிலிருந்து பணம் வரவழைத்துப் படிக்க எத்தனை பேரால் முடியும்?

திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்குத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த சான்று ஒன்று உண்டு. 1907-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த ஓர் இளைஞர் கல்கத்தாவில் துணைக் கணக்காயராக வேலைக்குச் சேர்ந்தார். சர். சி.வி. ராமன்தான் அவர். பகலெல்லாம் கணக்குப் புத்தகம். ஆராய்ச்சிக்குச் சொந்தக் கூடம் கிடையாது. பௌபஜார் தெருவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. கருவிகள் இருந்தன, அவற்றைத் தொட்டு வேலை செய்ய ஆள் வரவில்லை என்ற ஏக்கத்தோடுதான் டாக்டர் சர்க்கார் 1904-ல் மறைந்தார். அந்தக் கழகத்தின் கதவை ராமன் தட்டினார். அவருடைய மகன் அம்ரித்லால் சர்க்கார் மனமுவந்து இடம் கொடுத்தார். விடியற்காலையில் ஆராய்ச்சி, பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடி ஆராய்ச்சி என்று பத்தாண்டுகள் ஓடின. 1917-ல் அவர் உத்தியோகத்தை விட்டுக் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானதும், 1928-ல் அதே கழகத்தில் ராமன் விளைவு கண்டறியப்பட்டதும், 1930-ல் நோபல் பரிசு வந்ததும் ஊரறிந்த கதை.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. கழகத்தின் உதவியாளர் ஆசுதோஷ் டே. முதல் நாள் ராமனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவரே. பிறகு பல ஆண்டுகள் கூட நின்று கருவிகளைக் கையாண்டவரும் அவரே. ஆபீஸ் நேரத்தோடு சாவியைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தால், கணக்குத் துறை அதிகாரி ஆராய்ச்சி செய்திருக்க முடியாது.

அதே ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டராக வந்தபோது நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பௌதிகத் துறைக்கே பணத்தைத் திருப்புகிறார், மற்றத் துறைகள் வாடுகின்றன என்று புகார் எழுந்தது. 1936-ல் சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. மறு ஆண்டு ராமன் டைரக்டர் பதவியை விட்டு விலகினார். அவருக்கு எதிராக வேறு காரணங்களும் வேலை செய்தன என்பது உண்மை. ஆனால் மேதையே தலைவராக இருந்தாலும், பங்கீட்டு விதி எல்லாரும் அறிய எழுதப்படாவிட்டால் சந்தேகம் முளைக்கும் என்பதற்கு இது உதாரணம்.

கருவிகளுக்கு முறை வைப்பது குடத்துக்கு முறை வைப்பதைவிடச் சற்றுக் கடினம். அணுக்கருக் காந்தத்தைக் கொண்டு பொருள்களின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியை எடுத்துக்கொள்ளலாம். அதன் காந்தத்தைத் திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்துச் சுழிக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத நாளிலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், செலவு நிற்காது. ஆகவே சும்மா கிடக்கும் ஒவ்வொரு இரவும் நஷ்டம். சில மாதிரிகளைச் சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். சிலவற்றுக்கு இரவு முழுவதும் வேண்டும். சின்ன வேலைகளைப் பகலிலும் நீண்ட வேலைகளை இரவிலும் வைத்தாலே பாதித் தகராறு தீரும்.

நுண் மின்னணுச் சில்லுகள் செய்யும், தூசி நுழையாத அறைகளில் பிரச்னை நேரம் மட்டுமல்ல. சிலிக்கானுக்கென்று வைத்திருக்கும் உலையில் ஒருவர் தங்கம் பூசிய தகட்டை வைத்துவிட்டால், அடுத்து வருகிறவரின் மாதக்கணக்கான உழைப்பு பாழாகும். பால் காய்ச்சும் பாத்திரத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்த கதைதான். அங்கே பயிற்சி இல்லாதவரை உள்ளே விட முடியாது என்று நிர்வாகிகள் சொல்வது நியாயமே. பயிற்சியும் தர மாட்டோம் என்றால்தான் அது நியாயமல்ல. 2008-ல் விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் மத்திய அரசு உதவியுடன் தொடங்கிய திட்டம் இந்த வகையில் நல்ல முன்மாதிரி. வெளிக் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழைத்துப் பயிற்சி கொடுத்து, அந்த அறைகளிலேயே வேலை செய்யவும் வழி செய்தது அது.

பொதுக் கருவிக்கூடம் என்பதும் புதிய எண்ணமல்ல. 1970-களிலேயே மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பிராந்தியக் கருவி மையங்களை அமைத்தது. வெளியூர்க்காரர் மாதிரியைத் தபாலில் அனுப்பிக் கட்டணம் கட்டி முடிவைப் பெறலாம். 2020 ஜனவரி 3-ம் தேதி பெங்களூரில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசில் பிரதமர் 'ஐ-ஸ்டெம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து நேரம் கேட்க அது வழி செய்தது. பொதுப் பணத்தில் வாங்கிய கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2022-ல் மத்திய விஞ்ஞானத் துறை 'ஸ்ரீமன்' என்ற பெயரில் வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது.

விதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, கதவு திறப்பது வேறு. "கருவி பழுது", "ஆபரேட்டர் லீவ்", "எங்கள் மாணவர்கள் முடித்த பிறகு பார்க்கலாம்" என்ற மூன்று பதில்களில் எந்த விதியையும் அடக்கிவிடலாம். பழுது என்பது பல சமயம் பொய்யும் அல்ல. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், ஐந்தாம் ஆண்டில் உதிரிப் பாகம் வாங்கவும் இயக்குகிறவருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை செய்யும் டெக்னீஷியனிடம் இரவிலும் கருவியை ஓட்டு என்று சொன்னால் அவர் ஏன் ஓட்ட வேண்டும்? எச்.ஏ.எல்., பி.இ.எல். தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்தவர்களுக்கு இது தெரியும். மெஷின் மூன்று ஷிப்டு ஓட வேண்டுமானால் ஆளும் மூன்று ஷிப்டுக்கு வேண்டும்.

பெங்களூரில் உள்ள நிறுவனங்களாவது இதில் முன்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய கருவியும் சென்ற மாதம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் சொந்தத் துறைக்கு எவ்வளவு, வெளியாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் பழுதாகக் கிடந்தது என்பதைக் கருவி அறையின் கதவிலேயே எழுதி ஒட்ட வேண்டும். வாரத்தில் இத்தனை மணி வெளிக் கல்லூரிகளுக்கு என்று ஒதுக்கி, அதில் தலைவரே ஆனாலும் கை வைக்கக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். உதவித்தொகை இல்லாத மாணவருக்குக் கட்டணச் சலுகை வேண்டும். இரவு ஷிப்டு பார்க்கும் டெக்னீஷியனுக்கு நிரந்தர வேலையும் இரவுப் படியும் கொடுக்க வேண்டும். அடுத்த புதுக் கருவிக்கு மனு வரும்போது, பழைய கருவியின் கதவில் ஒட்டியிருந்த அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அரசு பணம் ஒதுக்கட்டும்.