எரியாக் கூரை எவர்க்கு?

வேனில் பிறந்துவிட்டால் நாளிதழின் உள்பக்க மூலையில் ஒரு செய்தி தவறாமல் இடம்பிடித்துக்கொள்கின்றது. இன்ன ஊரில், இன்ன தெருவில் தீப்பற்றி இத்தனைக் குடிசைகள் எரிந்தன. வட்டாட்சியர் நேரில் வந்து பார்த்தார். அரிசியும் வேட்டி சேலையும் கொஞ்சம் பணமும் வழங்கினார் என்பது அச்செய்தி. ஊர்ப்பெயரும் எண்ணிக்கையுமே மாறும். ஏனையவை முன்னரே அச்சுக்கோத்து வைத்தவை போல் அப்படியே இருக்கும். பல்லாண்டுக் காலம் அவ்வுதவிப் பட்டியலில் மண்ணெண்ணெயும் இருந்தது. குடிசை எரிந்து நிற்பவனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்த அருளாட்சியை வேறெந்நாட்டிலும் நாம் கேட்டறியோம்! எரிந்த அதே இடத்தில், கடன் வாங்கிய காசில், மீண்டும் கழி நட்டுக் கீற்று வேயப்படுகின்றது. அடுத்த வேனிலுக்குள் அது நன்றாகக் காய்ந்து, அடுத்த பொறிக்கு அணியமாகிவிடுகின்றது.

இவ்வாறு எரிதலை ஊழ் என்பர் சிலர். ஏழையின் விழிப்பின்மை என்று ஏசுவர் வேறு சிலர். நாம் இதனைக் கூரையின் குற்றம் என்கின்றோம். அக்கூரையை இன்னும் ஏழையின் தலைமேல் விட்டுவைத்திருக்கும் ஆட்சிகளின் குற்றம் என்கின்றோம்.

எண்ணிப் பாருங்கள். 1997 சூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரியகோயில் குடமுழுக்கின் வேள்விப் பந்தல் எரிந்தது. தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகத்து 6-ஆம் நாள் ஏர்வாடியில், கீற்றுக் கொட்டகையுள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவும் இயலாமல் கருகினர். 2004 சனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்துத் திருமணக் கூடமொன்றின் மாடிப் பந்தல் பற்றிக்கொண்டது. மணமகன் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே ஆண்டு சூலை 16-ஆம் நாள் குடந்தைப் பள்ளியில் நேர்ந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக்கூரையைப் பற்றி, மேல்மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக்குத் தாவிற்று. 94 குழந்தைகளை இழந்தோம். மூண்ட இடமும் மூண்ட வகையும் வெவ்வேறு. கொன்ற கூரை ஒன்றே.

1968 திசம்பர் 25 இரவைத் தனியே கூற வேண்டும். கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு சிறு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அஃது ஏதமன்று, கொலை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: கொலைஞர்க்குப் படைக்கலம் தேடும் வேலையே இருக்கவில்லை. ஒரு தீக்குச்சி போதுமானதாக இருந்தது. ஓட்டுக்கூரையும் செங்கற் சுவரும் உடைய பண்ணையார் வீட்டை எரிக்க எத்தனைக் குச்சி வேண்டும்?

குடந்தைத் துயருக்குப் பின் பள்ளிகளில் ஓலைக்கூரை ஆகாதென்று அரசு ஆணையிட்டது, அகற்றவும் செய்தது. நன்று. ஆனால், பள்ளியில் பகற்பொழுதுக்கு ஆகாத கூரை, அதே குழந்தை இரவெல்லாம் உறங்கும் வீட்டில் மட்டும் எவ்வாறு ஆகும்? இவ்வினாவை அன்று ஆள்வோர் எழுப்பவில்லை, எதிர்க்கட்சியாரும் எழுப்பவில்லை.

தீ கூரைக்கு எவ்வாறு ஏறுகின்றது? அடுப்பிலிருந்து என்று எண்ணுகின்றோம். முதற் குடிசைக்கு அது பொருந்தும். ஒரு தெருவே எரிகின்றதே, அத்தெருவின் பத்தாம் வீட்டில் அன்று அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். காற்றுச் சுமந்துவரும் கங்கு அதன் முகட்டில் வந்து அமர்ந்திருக்கும். இவ்வுண்மையைப் பெரும்பொருளும் உயிரும் இழந்து கற்றுக்கொண்ட நாடொன்று உண்டு. அங்குக் கற்றது நமக்கும் பயன்படும். காட்டுத்தீ ஓயாது மூளும் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் செல்வர் பலர் வீடு கட்டி, அழகு கருதி அவற்றின்மேல் மரச்சில்லுகளை வேய்ந்திருந்தனர். நம் கீற்றுக்கும் அச்சில்லுக்கும் விலையில் வேறுபாடு உண்டு, எரிவதில் இல்லை. 1991 அக்குதோபர் 20-ஆம் நாள் ஓக்லாந்துச் சரிவில், முந்தைய நாள் அணைந்துவிட்டதென்று எண்ணிய புல்தீயொன்று வறண்ட காற்றில் மீண்டும் கிளர்ந்தது. கூரையிலிருந்து கூரைக்குக் கங்கு பறந்தது. 25 பேர் மாண்டனர்; ஏறத்தாழ 3,000 வீடுகள் எரிந்தன.

அதன்பின் அவர்கள் ஊழை நொந்துகொண்டு அமர்ந்திருக்கவில்லை. தீக்கு உரிய நிலப்பகுதிகளில் எரியாக் கூரையைச் சட்டத்தால் வற்புறுத்தினர். 2008 முதல் அப்பகுதிகளில் எழும் புதுவீடுகளுக்குக் கூரை, சுவர், காற்றுப்புழை அனைத்துக்கும் தனி நெறி வகுத்தனர். கூரையை எவ்வாறு தேர்கின்றனர் என்பது சுவையானது. ஓரடி நீளமும் ஓரடி அகலமும் உடைய எரிகின்ற கட்டையொன்றை அதன்மேல் வைத்துவிடுகின்றனர். கட்டை எரிந்து தணியும்வரை கூரையின் உட்புறத்தில் தீ தோன்றாவிடில் அது முதல் தரம். சுட்டமண் ஓடு அத்தரத்தில் வைத்து எண்ணப்படுவது. இன்னொரு நுட்பமும் கண்டனர்: வளைந்த ஓட்டின் இறவாரத்து வாய் திறந்திருந்தால், கங்கு அதன்வழிப் புகுந்து அடிமரத்தைப் பற்றும், குருவி அதில் கூடு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டா. ஆகவே அவ்வாய்களை அடைக்கச் சொல்கின்றனர். நம் நாட்டோட்டு வீடுகளிலும் இறவாரத்து ஓட்டு வாயைச் சாந்திட்டு அடைக்கும் வழக்கம் உண்டு. எதற்கென்று கேட்டால், அணிலும் பாம்பும் புகாமைக்கு என்பார் கொத்தனார். தீயும் புகாது என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்வார் இலர்.

ஓடு நமக்கு எவரும் இரவல் தந்த பொருளா? கீழடி மண்ணைத் தோண்டியபோது, மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த தடங்களும், கட்டிப் பொருத்த இரண்டு துளைகளும் உடைய கூரையோடுகள் குவியலாகக் கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டளவுக்குத் தொன்மையுடையதென 2019-இல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அறிவித்த வாழிடம் அது. வைகைக் கரையில் அன்றே ஓடு வேய்ந்து வாழ்ந்த இனத்தின் பிள்ளைகளில் இலக்கக்கணக்கானோர், இன்று ஓலைக்குக் கீழே விளக்கை அஞ்சி அஞ்சி ஏற்றுகின்றனர். கீழடியைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நம் தலைவர்களுள் எத்தனைப் பேர் அவ்வோட்டைப் பார்த்துவிட்டு ஊர்க்கோடிக் குடிசையை நிமிர்ந்து பார்த்தனர்?

இடையில் நிகழ்ந்தது என்ன? ஓடு சுடும் கலை அழிந்துபோகவில்லை. எவர் வேயலாம், எவர் வேயலாகாது என்பதே ஆணையாயிற்று. மலையாளக் கரையில் ஓடு கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதென்றும், ஏனையோர் ஆள்வோர் இசைவு பெற்றே வேயலாமென்றும் இருந்த நிலையை வரலாற்று நூல்கள் குறித்துள்ளன. திருவிதாங்கூரில் நாடார் குலத்தார் ஓரடுக்குக்கு மேல் வீடு கட்டவும் தடையிருந்தது. ஒருவன் தலைமேல் எது இருக்க வேண்டும் என்பதை அவன் பிறப்பு முடிவு செய்தது. சட்டம் போய்விட்டது, கூரை போகவில்லை.

இங்கே நம் அன்பர்கள் சிலர்க்கும் ஒரு சொல். ஓலைக்குடில் தமிழர் எளிமையின் சின்னம், அதன் குளிர்ச்சி ஓட்டுக்கு வாராது என்று பாடுவோர் நம்மிடையேயும் உளர். குளிர்ச்சி உண்மைதான். ஆனால் அப்பாட்டைப் பாடுவோர் பெரும்பாலும் காரைத்தளத்தின் கீழிருந்தே பாடுகின்றனர். குளிர்ச்சி வேண்டுமாயின், பனங்கை பரப்பி மேலே மண்ணிட்டு மெத்தும் மச்சு நம் முன்னோர் கண்டதே. மேலே எது எரிந்தாலும் கீழுள்ள உயிரும் நெல்லும் தப்பிக்கச் சிறிது பொழுதேனும் தரும். ஓலையைவிட்டு உடனே நீங்க இயலாதார்க்கும் வழியில்லாமல் இல்லை. உரூர்க்கியிலுள்ள நடுவண் கட்டட ஆய்வு நிறுவனம், நிலக்கீல் கலந்து மழையிற் கரையாதபடி ஆக்கிய மண்பூச்சைக் கூரைமேல் பூசித் தீயைத் தடுக்கும் முறையைக் கண்டு பல்லாண்டுகள் ஆயின. நம் சிற்றூர்களில் அதனைக் கண்ணால் கண்டவர் எத்தனைப் பேர்?

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லோம். 2010-இல் 21 இலக்கம் குடிசைகளை ஆறாண்டில் கற்காரை வீடுகளாக்குவோம் என்றனர். 2011-இல் ஆட்சி மாறிற்று. திட்டத்தின் பெயரும் அளவும் மாறின. 2024-இல், 2030-க்குள் 8 இலக்கம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாடு காண்போம் என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். வீட்டுக்கு மூன்றரை இலக்கம் உருபா. அத்திட்டத்தின் நெறிமுறையில் பாராட்டத்தக்க கூறொன்று உண்டு: 360 சதுர அடியில் 300 கற்காரைத் தளம், எஞ்சியது தீப்பற்றாப் பொருளால் வேயப்பட வேண்டும், ஓலையும் கல்நாரும் ஆகா. எழுதிய கை எவருடையதாயினும் வாழ்க. ஆனால் மனைப்பட்டா இல்லாதவன் அத்திட்டத்தின் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றான். புறம்போக்கில், வாய்க்காற் கரையில், அடுத்தவன் தோப்பில் குடிசை போட்டிருப்பவனே முதலில் எரிபவன் என்பதை நெறிமுறை வகுத்தோர் அறியாரா?

தில்லியின் கொடையை இனிப் பார்ப்போம். 2016 முதல் சிற்றூர்ப்புற ஏழைக்கு வீடென்று ஒரு திட்டம் நடத்தினர். அதன் பெயர் பிரதான் மந்திரி ஆவாசு யோசனா! வீடு பெறுபவள் தன் வீட்டின் பெயரைத் தன் வாயால் சொல்ல முடியாத திட்டம். சமவெளியில் வீட்டுக்கு 1,20,000 உருபா என்று வரையறுத்து, அதில் நடுவண் அரசு தந்தது 72,000. எஞ்சிய 48,000 தமிழ்நாட்டினது. இத்தொகையில் சுவர் எழும், தளம் ஏறாது. ஆகவே கூரைக்கென்றே தமிழ்நாட்டரசு தனியே பணம் தர வேண்டியதாயிற்று. அக்கூரைத் தொகை பின்னர் 1,20,000 உருபாவாக உயர்ந்தது. கூட்டிப் பாருங்கள்: தமிழ்நாட்டின் பங்கு 1,68,000, தில்லியின் பங்கு 72,000. ஏழையைத் தீயினின்று காக்கும் கூரை முழுதும் தமிழன் பணம். சுவரில் எழுதும் பெயர் மட்டும் இந்தி! தன் வரிப்பணத்தைத் தானே ஆளும் உரிமை இருந்திருப்பின், இத்தனை ஆண்டுகளில் எத்தனைக் கூரைகள் மாறியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்க எவர்க்கும் எழுதுகோல் வேண்டா.

அரசு வீடு கிட்டாத எளியவன் தானே கூரை மாற்ற எண்ணினால், கடைத்தெருவில் அவன் கையில் அகப்படுவது ஆசுபெட்டாசு என்று விற்கப்படும் கல்நார்த் தகடு. அது தீப்பற்றாது, ஆயின் கடுந்தீயில் வெடித்துச் சிதறும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புகுந்து புற்று விளைக்கும் என்பதை உலக நலவாழ்வு அமைப்பு ஐயமறக் கூறிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனைத் தடைசெய்துள்ளன. இந்தியா தன் மண்ணில் அதனைத் தோண்டுவதை நிறுத்திவிட்டு, அயல்நாட்டிலிருந்து இறக்கித் தகடாக்கி விற்க விட்டிருக்கின்றது. தீயினின்று தப்பியவன் இருமிச் சாகட்டும் என்பதா இதன் பொருள்? அதே வேளையில் ஓட்டுச் சூளைகள் பல மூடிக் கிடக்கின்றன. வேட்கோவர் மண்ணெடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் நெடிது. 2024-இல்தான் ஏரி, குளத்து வண்டலை வட்டாட்சியர் இசைவோடு விலையின்றி எடுக்க வழி செய்தனர். மண் கிடைத்தது; சுட்ட ஓட்டை வாங்குவார் வேண்டுமே! அரசு வாங்கினால் சூளை எரியும், குடிசை எரியாது.

மற்றுமொன்று. இந்நாட்டின் கட்டட நெறித்தொகுப்பு 2016-இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. தீத்தடுப்புக்கென்றே அதில் தனிப்பகுதி உண்டு. கைமரம், உத்திரம், வரிச்சு, முகடு, கூடல்வாய், இறவாரம் என்று கூரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் வைத்திருக்கும் தச்சரும் கொத்தனாரும் அதில் ஒரு வரியும் படிக்க இயலாது. அறிவு ஒரு மொழியில், வேலை வேறொரு மொழியில் கிடந்தால் இடையில் எரிவது வீடு. நம் தமிழ்ப்பணி மேடையோடு நின்றுவிடலாகாது. பொறியியல் பயின்ற அன்பர்கள் அப்பகுதியைக் கொத்தனார் தமிழில் எழுதிச் சிறு சுவடியாகத் தருவாராயின் அச்சிட்டுப் பரப்ப நம் தோழர்கள் காத்திருக்கின்றனர்.

மே முதல் நாள் ஊர்தோறும் ஊரவை கூடுகின்றது. அன்பர்கள் அதற்கு முன் தத்தம் ஊரில் ஓலைக்கூரை எத்தனை, அவற்றுள் பட்டா இல்லாதவை எத்தனை, ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று நடந்து சென்று எண்ணுக. அவ்வெண்களைத் தீர்மானத்தில் எழுதுக. பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வேனிலுக்குள் ஓடும் அடிமரமும் தரப்பட வேண்டும் என்று கேட்டுத் தலைவரிடம் ஒப்பம் பெறுக. ஒரு படியை நமக்கு விடுக்க.