இடம் காலியா இருக்கு... அப்புறம் ஏன் சர்வர் ஸ்லோ? டிஸ்க் கணக்கைப் படிக்காத நிறுவனங்கள்!

மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் ஓடவேண்டிய நேரத்தில் சாஃப்ட்வேர் சுத்திக்கிட்டே இருக்கிறது. "ஸ்டோரேஜ்தான் ஸ்லோ" என்கிறது டேட்டாபேஸ் குழு. "எங்க டேஷ்போர்டுல எல்லாமே பச்சை, 40% இடம் காலியா கிடக்கு" என்கிறது ஸ்டோரேஜ் குழு. ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானதுதான். கடைசியில் புது டிஸ்க் வாங்க ஃபைல் நகரும். சில வாரங்களில் அதே சண்டை மறுபடி வரும்.

இரண்டு குழுவுமே பொய் சொல்லவில்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்பது ஒரு கணக்கு. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கணக்கு. பல நிறுவனங்கள் முதல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு செக்கில் கையெழுத்துப் போடுகின்றன. சிக்கல் அங்கேதான்.

ஒரு டிஸ்க் எவ்வளவு தாங்கும்?

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்று சுற்ற சுமார் 8.3 மில்லிசெகண்ட் ஆகும். தேடும் தகவல் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி நேரம். தலை சரியான இடத்துக்கு நகர இன்னொரு 8 அல்லது 9 மில்லிசெகண்ட். கூட்டிப் பார்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவலை எடுக்க ஒரு கோரிக்கைக்கு 12, 13 மில்லிசெகண்ட். அதாவது செகண்டுக்கு ஏறத்தாழ 75 முதல் 80 கோரிக்கைகள். டிஸ்க் 1 டிபியாக இருந்தாலும் 20 டிபியாக இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. பெரிய டிஸ்க் வாங்கினால் இடம் கூடும், வேகம் கூடாது!

இதற்காகத்தான் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே அணியாக ஓடவிடும் 'ரெய்டு' வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆனால் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. ரெய்டு 5 முறையில் ஒரு சின்ன எழுத்துக்கு, பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதிய இரண்டையும் எழுது என்று நான்கு வேலை நடக்கிறது. ரெய்டு 6-ல் ஆறு. ரெய்டு 10-ல் இரண்டு. அப்ளிகேஷன் 1,000 எழுத்து அனுப்பினால், ரெய்டு 5-ல் உள்ளே 4,000 வேலை நடக்கலாம்.

சராசரி மறைக்கும் உண்மை

20 டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு டிஸ்க் 95% பிஸி, மீதி 16 டிஸ்க் 10% பிஸி. சராசரி என்ன? வெறும் 27%. டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். ஆனால் முக்கியமான டேபிள்கள் அந்த நான்கில் இருந்தால், மொத்த ஆபீஸும் அந்த நான்குக்காகக் காத்திருக்கும். பத்து கவுன்ட்டர் திறந்திருந்தும் எல்லாரும் ரெண்டு கவுன்ட்டர்ல மட்டும் நிற்கிற கதைதான்.

நேரக் கணக்கிலும் இதே கதை. ஐந்து நிமிடத்தில் 30 செகண்ட் 100%, மற்ற நேரம் 10% என்றால் சராசரி 19% என்று காட்டும். அந்த 30 செகண்டில் திண்டாடியவர் கண்ணுக்கே தெரியமாட்டார்.

கூட்டம் கூடக் கூட தாமதம் நேர்கோட்டில் ஏறுவதில்லை. எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, டிஸ்க் 50% பிஸி என்றால் பதில் நேரம் இரண்டு மடங்கு. 80% என்றால் ஐந்து மடங்கு. 90% என்றால் பத்து மடங்கு.

அப்போ எதைப் பார்க்கணும்?

லினக்ஸில் 'ஐஓஸ்டாட்' கமாண்ட் போதும், ஆரம்பிக்கலாம். ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, வரிசையில் எத்தனை நிற்கின்றன, படிப்பது அதிகமா எழுதுவது அதிகமா என்பவை முக்கியம். பிஸி சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. எஸ்எஸ்டியும் ரெய்டும் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதால், 100% காட்டினாலும் இன்னும் தெம்பு மிச்சம் இருக்கலாம். இன்னொன்று, சர்வருக்கு மொத்த அணியும் ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும். உள்ளே எந்த டிஸ்க் மூச்சு வாங்குகிறது என்பதை ஸ்டோரேஜ் கருவியின் சொந்தக் கணக்கில்தான் பார்க்க முடியும்.

"நாங்க கிளவுட்ல இருக்கோம், இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கும் தப்பில்லை. அமேசானின் ஜிபி2 டிஸ்க்கில் 100 ஜிபி வாங்கினால் நிரந்தரமாகக் கிடைப்பது செகண்டுக்கு 300 கோரிக்கைகள்தான். சேர்த்துவைத்த கிரெடிட்டைச் செலவழித்து 3,000 வரை பாயலாம். முழு கிரெடிட்டும் சுமார் 33 நிமிடத்தில் தீரும். டெஸ்ட்டில் பறந்தது, அரை மணி நேரம் கழித்து நொண்டுவது இதனால்தான்.

அவசரப்பட்டு நகர்த்தாதீர்கள்

சூடான தகவலை வேகமான டிஸ்க்குக்குத் தானாக மாற்றும் வசதி இப்போது பெரிய ஸ்டோரேஜ் கருவிகளில் உண்டு. நல்லதுதான். ஆனால் அது பார்ப்பது சமீபத்திய நாட்களை. காலாண்டுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அதைக் 'குளிர்ந்த' தகவல் என்று மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். தேவைப்படும் நாளில் மாட்டிக்கொள்வது இரவு ஷிஃப்டில் இருக்கும் இன்ஜினீயர்.

தகவலை நகர்த்துவதும் ஒரு வேலைதான். ஏற்கெனவே திணறும் டிஸ்க்கில் பகல் நேரத்தில் அதைச் செய்தால் நிலைமை மோசமாகும். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காமல், மாதக் கடைசியும் சேர்ந்த ஒரு முழு மாதத்தைப் பார்ப்பதே நியாயம். எல்லா டிஸ்க்கையும் விளிம்பு வரை ஓட்டுவதும் ஆபத்து. ஒரு டிஸ்க் செத்தால், அதை மீண்டும் உருவாக்கும் சுமையை மற்றவைதான் தாங்க வேண்டும்.

"எஸ்எஸ்டி விலை குறைஞ்சிடுச்சு, எல்லாத்தையும் மாத்திடலாமே" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் டிஸ்க் வேகமானால் நெரிசல் கன்ட்ரோலருக்கோ நெட்வொர்க் போர்ட்டுக்கோ இடம் மாறும். அதைக் கண்டுபிடிக்கவும் இதே கணக்குதான் வேண்டும்.

அடுத்த முறை புது டிஸ்க் வாங்கும் ஃபைல் மேசைக்கு வரும்போது, மேலாளர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "போன மாசம் எந்த டிஸ்க், எந்த மணி நேரத்துல, எவ்வளவு காத்திருக்க வெச்சது?" பதில் இல்லை என்றால், கையெழுத்தும் வேண்டாம்.